படலையைத் தாண்டும் சோறு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவொன்றில் பேசுவதற்கு இனிய விடயங்கள் பல உண்டு. எமக்குத் தரப்பட்டதோ உணவு விரயமும் சுற்றாடலும் என்ற தலைப்பு. அதுவும் மதிய விருந்துக்கு முன்னதாக! விருந்துக்கும் உங்களுக்கும் இடையில் நிற்பவர்கள் நாங்கள் என்பதை நன்கு அறிவோம். ஆகவே சுருங்கச் சொல்ல முயல்கிறோம்.

சோற்றை எறியக் கூடாது என்பதை எம்மில் எவரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நிலத்தில் சிந்திய சோற்றுப் பருக்கையைக் கால் படாமல் பொறுக்கி எடுக்கச் சொன்ன பேத்திமார் எல்லோருடைய வீட்டிலும் இருந்தார்கள். இங்கே விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குக் கோப்பையில் மிச்சம் விட்டால் என்ன நடக்கும் என்பது இன்றைக்கும் நினைவிருக்கும். எழுபதுகளில் பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் இம்மண்டபத்தில் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபரில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்காக விடிய விடிய நின்றவர்கள் இருக்கிறார்கள். பசியை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் இந்தத் தலைப்பு எமக்கு எதற்கு? எறிவது பாவம் என்று எமக்குச் சொல்லித் தந்தார்கள். எறிந்தது எங்கே போகிறது என்று சொல்லித் தரவில்லை. அப்போது அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அது எங்கும் போகவில்லை.

அன்றைய வளவை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போனது. வாழைப்பழத் தோலும் பலாச்சடையும் ஆட்டுக்குப் போயின. மிஞ்சிய சோறு கோழிக்கும் நாய்க்கும் போக, முதற்பிடி காகத்துக்கு. மீன் கழுவிய தண்ணீர் வாழையடிக்கு. இவை எதற்கும் உதவாதது வளவின் கோடியில் இருந்த குப்பைக் கிடங்குக்கு. மாரி தொடங்கும் முன்னர் அந்தக் கிடங்கை வெட்டி எடுத்துத் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டார்கள். அன்றும் உணவு மிஞ்சத்தான் செய்தது. ஆனால் குசினியிலிருந்து புறப்பட்ட எதுவும் படலையைத் தாண்டவில்லை.

இன்று தாண்டுகிறது. பத்துப் பரப்பு வளவு இரண்டு பரப்பாகிவிட்டது. முற்றத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று. மாடு இல்லை, ஆடு இல்லை. கொழும்பில் தொடர்மாடியில் வசிப்பவர்களுக்கு மண்ணே இல்லை. மிஞ்சிய சோறும் கறியும் மரக்கறித் தோலும் பொலித்தீன் பையில் விழுகின்றன. பையின் வாயை இறுக்கிக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறோம். மாநகர சபையின் வண்டி வந்து எடுத்துச் செல்கிறது. அத்துடன் அந்தச் சோற்றின் கதை முடிந்துவிட்டதென்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் கதை ஆரம்பமாகிறது.

முதலில் சில கணக்குகள். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி தொன் உணவு வீசப்பட்டது. மக்களின் நுகர்வுக்குக் கிடைத்த உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. கடைகளும் உணவகங்களும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. வீடுகளில் வீசப்படுவது, உலக சராசரியில், ஒருவருக்கு வருடமொன்றுக்கு 79 கிலோகிராம். அதே அமைப்பு 2021 இல் வெளியிட்ட அறிக்கை இலங்கைக்குக் கொடுத்த மதிப்பீடு 76 கிலோகிராம். தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் இவற்றில் அடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு. விரயம் என்பது செல்வந்த நாடுகளின் நோய், எமக்கு அது இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இனி, கட்டிய பைக்குள் நடப்பதைப் பார்ப்போம். உணவுக் கழிவு காற்றுப்படும் இடத்தில் உக்கினால் அதிலிருந்து பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் வெப்பமும் நீராவியும் வெளிவரும். எஞ்சுவது பசளை. அதே கழிவு பைக்குள் அடைபட்டு, அதன் மேல் ஆயிரம் பைகள் குவிந்து, காற்றே புகாமல் அழுகினால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளிவிடுவது மெதேன். பூமியைச் சூடேற்றுவதில் மெதேன், நூறு வருடக் கணக்கில், காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலியது. இருபது வருடக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். உணவை விளைவிப்பதிலிருந்து அது அழுகுவது வரை கூட்டிப் பார்த்தால், உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் 8 முதல் 10 சதவீதம் உண்ணப்படாத உணவினால் வருகிறது. ஒரே சோறுதான். வளவில் உக்கினால் பசளை, பைக்குள் அழுகினால் மெதேன்.

வாயு கண்ணுக்குத் தெரியாது. குப்பைமேடு தெரியும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். அன்று பிற்பகல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடியது. 32 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. புத்தாண்டுக்குப் பலகாரம் சுட்டு வைத்திருந்த வீடுகள் அவை. அந்த மலையை எழுப்பியது எந்த ஆலையும் அல்ல. கொழும்பின் குசினிகளும் கடைகளும் சந்தைகளும் நாளாந்தம் அனுப்பிய பைகள். இலங்கையின் நகரக் கழிவில் பாதிக்கும் மேல் உக்கக்கூடிய கழிவுதான். அதில் பெரும்பகுதி உணவு. ஈரமான உணவுக் கழிவு குப்பைமேட்டைப் பாரமாக்கும், உள்ளே வாயுவைச் சேர்க்கும், அடியைத் தளர்த்தும்.

அதன் பின்னர் கொழும்பின் குப்பைக்கு வேறிடம் தேடினார்கள். புத்தளம் மாவட்டத்தில் அருவாக்காட்டில் நிலம் நிரப்பும் திட்டம் வந்தது. அந்த ஊர் மக்கள், மற்றவரின் குப்பை எங்கள் நிலத்துக்கு ஏன் என்று வீதிக்கு இறங்கினார்கள். 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையம் தொடங்கியது. ஆனால் ஈரச் சோறு இலகுவில் எரியாது. உணவுக் கழிவு கூடக் கூட எரிக்கும் வேலை கடினமாகும். எங்கே கொண்டுபோனாலும் சோறு தொல்லை தருகிறது.

கிழக்கே அம்பாறையில் பள்ளக்காடு என்னும் இடத்துக் குப்பைமேட்டுக்கு காட்டு யானைகள் வருகின்றன. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. எட்டு வருடங்களில் இருபது யானைகள் வரை அந்தக் குப்பையால் இறந்ததாக அப்போது செய்திகள் வந்தன. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் இருந்தன. யானைக்குப் பொலித்தீன் மீது ஆசையில்லை. அதில் ஒட்டியிருந்த சோற்றின் வாசம்தான் அதை அழைத்தது. மிச்சச் சோற்றை லன்ச் சீற்றோடு சுற்றி எறியும்போது நாம் யானைக்கு என்ன பரிமாறுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எமது ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் குப்பை போகும் கல்லுண்டாய் வெளியில் அவ்வப்போது தீ மூளுவதையும் காற்று மாறினால் புகை ஊருக்குள் வருவதையும் நீங்கள் அறிவீர்கள். அதைவிடப் பெரிய கவலை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தங்குகிறது. கீழே உப்புநீர், மேலே மெல்லிய படையாக நன்னீர். எமது கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் குடிக்கத் தருகின்றன. சுண்ணாம்புப் பாறை எதையும் வடிகட்டித் தடுத்து வைக்காது. மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். மலக்குழியாலும் பசளையாலும் நைத்திரேற்று கூடிய கிணறுகள் ஏற்கனவே எம்மிடம் பல உண்டு. அழுகும் குப்பையின் கசிவுநீரையும் அந்த மண்ணால் தாங்க முடியாது.

இதுவரை சொன்னது சோறு படலையைத் தாண்டிய பிறகு நடப்பது. பானைக்கு வருமுன்னர் நடந்ததையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2500 இலீற்றர் தண்ணீர் வயலுக்கு வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரு பிடி சோறு, அதாவது நூறு கிராம், எறிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 35 கிராம் அரிசி, 50 கிராம் நெல். தண்ணீரில் 125 இலீற்றர். கிணற்று வாளியால் பன்னிரண்டு தரம் அள்ள வேண்டிய தண்ணீர். வன்னியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் விவசாயியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலிலிருந்தும் மெதேன் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எறியப்படும் சோற்றுக்காக வயலிலும் ஒருதரம், குப்பைமேட்டிலும் ஒருதரம் பூமி சூடாகிறது.

வழியில் போவதும் உண்டு. எமது நாட்டில் பழம், மரக்கறி ஆகியவற்றில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்கும் நுகர்வுக்கும் இடையில் பழுதாவதாகத் துறைசார்ந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தக்காளியையும் கத்தரிக்காயையும் சாக்கில் அடைத்து, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் ஆளும் ஏறி இருந்து கொண்டுவந்தால் வேறென்ன நடக்கும்? பிளாஸ்ரிக் கூடைகளில் அடுக்கிக் கொண்டுவந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இது குசினியில் தீர்க்கக்கூடிய விடயம் அல்ல. அரசும் வியாபாரிகளும் செய்ய வேண்டியது.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டபோது நாடெங்கும் சேதனப் பசளை தேடினார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்கவும் முயன்றார்கள். அதே நேரத்தில் எமது நகரங்கள் பசளையாகக்கூடிய பொருளை நாளாந்தம் குப்பைமேட்டில் கொட்டிக்கொண்டிருந்தன. அது முழுவதையும் கூட்டெருவாக்கியிருந்தாலும் நாட்டின் வயல்களுக்குப் போதியிராது என்பது உண்மை. ஆனாலும் கையிலிருந்ததை எறிந்துவிட்டுக் கடலுக்கு அப்பால் தேடினோம் என்பதும் உண்மை.

சரி, இத்தனை அறிந்த நாம் ஏன் எறிகிறோம்? எமது சமூகத்தில் அதற்குப் பெரிய காரணம் அலட்சியம் அல்ல, மானம். வந்தவர்களுக்குப் போதாமல் போய்விட்டால்? இருநூறு பேருக்கு அழைப்பு என்றால் முந்நூறு பேருக்குச் சமையல். கலியாண மண்டபத்தில் மூன்று வகைச் சோறு, பன்னிரண்டு வகைக் கறி, அதற்குமேல் கொத்துரொட்டி. மிஞ்சினால்தான் நிறைவான விருந்து என்று பேர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலைக்குக் கிடைத்தது. எமது கிடாரங்களுக்கு அடி உண்டு. அந்த அடியில் மிஞ்சுவது இரவு பத்து மணிக்குப் பைகளில் கட்டப்பட்டு வாசலுக்குப் போகிறது. 2022 இல் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் போதிய உணவின்றி இருந்ததாக உலக உணவுத் திட்டம் மதிப்பிட்ட அதே நாட்டில்தான் இது நடக்கிறது.

இங்கே பெண்களாகிய எமக்கு ஒரு வார்த்தை. உணவு விரயம் என்றவுடன் எல்லோரும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். குசினியில் நிற்பவள் பெரும்பாலும் பெண். ஆகவே இது அவளுடைய குறை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் குறைந்தது இத்தனை தட்டுகளுக்குக் காசு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுபவர் மண்டபக்காரர். மலிவாக இருக்கிறதென்று பை நிறைய மரக்கறி வாங்கி வருபவர் வேறொருவர். சாப்பிட வருகிறேனா இல்லையா என்று சொல்லாமல் இரவு பதினொரு மணிக்கு வருபவர் இன்னொருவர். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து சமைப்பவளிடம், மிச்சத்தை மூன்று விதமாக மாற்றிச் சமை என்று அறிவுரை சொல்வது எமது நோக்கம் அல்ல. இதை வீட்டிலுள்ள அனைவருடைய வேலையாகவும் ஆக்க வேண்டும் என்பதே எமது நோக்கம். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதைக் காலையில் சொல்லிவிட்டுப் போவது ஆண்களாலும் பிள்ளைகளாலும் செய்யக்கூடிய காரியம்.

இனிச் செய்யக்கூடியவை. முதலாவது, அளந்து சமைத்தல். எமது தாய்மார் சுண்டால் அளந்தார்கள். அளவுக்கு அளவு போட்டால் மிச்சம் தானாகவே குறையும். இரண்டாவது, மிஞ்சியதைக் காப்பாற்றுதல். பழஞ்சோறும் மோரும் வெங்காயமும் பச்சை மிளகாயும் எமக்குப் புதிதல்ல. ஆனால் ஓர் எச்சரிக்கை. சமைத்த சோற்றை இந்த வெக்கையில் மணிக்கணக்காக வெளியே வைத்தால் வயிற்றைக் கெடுக்கும் பக்ரீரியா பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிஞ்சும் என்று கண்டால் அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த நாளே நன்றாகச் சூடாக்கி முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, பிரித்தல். எமது கருத்தில் இதுவே முக்கியமானது. சோறும் பொலித்தீனும் ஒரே பையில் விழும் வரையில் எந்தச் சபையாலும் எதுவும் செய்ய முடியாது. மூடியுள்ள ஒரு வாளியை உணவுக்கென்று ஒதுக்குங்கள். நிலம் உள்ளவர்கள் மரக்கறித் தோல் ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு என்று மாறி மாறிப் போட்டு, இடைக்கிடை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு தயார். மணம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். மீன் முள்ளையும் எண்ணெய்க் கறியையும் மேலாகப் போட்டால் எலியும் நாயும் வரும். தென்னையைச் சுற்றி ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாழ்த்துவிடுங்கள். குழை தாழ்த்துத் தோட்டம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இது கடினமல்ல.

கடல் கடந்து வாழும் சகோதரிகள், எங்கள் பக்கம் இதெல்லாம் எப்போதோ வந்துவிட்டது என்று நினைக்கலாம். உண்மைதான். ரொறன்ரோவில் பச்சைத் தொட்டியில் சேரும் உணவுக் கழிவைத் தனியாக எடுத்து வாயுவும் பசளையும் ஆக்குகிறார்கள். பிரான்சில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய அங்காடிகள் விற்காத நல்ல உணவை வீணாக்க முடியாது, தொண்டு அமைப்புகளுக்கு வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும். தென்கொரியா 2005 இல் உணவுக் கழிவை நிலத்தில் கொட்டுவதையே தடை செய்தது. ஆனால் பச்சைத் தொட்டி இருக்கிறதே என்பதற்காக மூன்று பேர் உள்ள வீட்டில் முப்பது பேருக்குச் சமைக்கலாகாது. தொட்டிக்குப் போகும் சோற்றுக்கும் அதே 125 இலீற்றர் தண்ணீர் செலவாகிவிட்டது. ஊரில் கலியாணமும் பூப்புனித நீராட்டு விழாவும் செய்ய நீங்கள் வரும்போது, அந்த விருந்தைப் பார்த்துத்தான் அயலவரும் தம் விருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் அன்போடு நினைவூட்டுகிறோம்.

இறுதியாக, எமது சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, இனிமேல் சங்கம் நடத்தும் ஒவ்வொரு விருந்துக்கும், அது இங்கே ஆனாலும் இலண்டனில் ஆனாலும் மெல்பேணில் ஆனாலும், பெயர் பதிந்தவர்களின் எண்ணிக்கைக்கே சமையல். வருகிறேன் என்று பதிந்துவிட்டு வராமலிருப்பது, சமைத்தவரையும் விளைவித்தவரையும் அவமதிப்பது என்று கொள்வோம். இரண்டு, நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கைக் கொண்டு கல்லூரி விடுதிக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் முறையான கூட்டெருத் தொட்டிகள் கட்டிக் கொடுப்போம். அந்தப் பசளை கல்லூரித் தோட்டத்துக்குப் போகட்டும். மூன்று, விடுதியில் நாளாந்தம் மிஞ்சும் உணவை மாணவிகளே நிறுத்து எழுதி வரட்டும். குறை கூறுவதற்காக அல்ல. எந்தக் கறி ஒவ்வொரு கிழமையும் மிஞ்சுகிறது என்று தெரிந்தால் சமையலறைக்கும் உதவும், பிள்ளைகளுக்கும் கணிதம் வரும்.

இந்தக் கல்லூரியில் நாம் பெற்ற கட்டடங்களையும் விருதுகளையும் நூறு வருடம் கழித்து நினைவுகூருகிறோம். இன்னும் நூறு வருடம் கழித்து இம்மண்டபத்தில் அமரப்போகும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது குடிக்கக்கூடிய கிணற்றுத் தண்ணீர். அதை அவர்களுக்கு மிச்சம் வைப்பது இன்று எமது குசினியில் உள்ள இரண்டு வாளிகளில் தொடங்கட்டும்.

விருந்துக்கான மணி அடித்துவிட்டது. தயங்காமல் வயிறாரச் சாப்பிடுங்கள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். முதற் தரமே தட்டை நிரப்ப வேண்டியதில்லை.  எமது கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.